ஒன்றரைச் செடி தூரம்

தேயிலைத் தோட்டத்து நரிக்குழி டிவிஷனில் பனி மேலிருந்து விழாது, மண்ணுக்குள்ளிருந்துதான் முளைக்கும். அந்த மலை உச்சியில் ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக்கிடந்த லயத்து வீடுகளில் இருந்தவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். மார்கழி பாதி போனதும் வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி ஒரு பொட்டு மேகம் இல்லாமல் இருக்கும், விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று மயிர் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், குழாயில் தண்ணீர் கட்டிப்போயிருக்கும், கொடியில் மறந்துவிட்ட சட்டை விறைத்துப்போய் ஆள் நிற்பதைப் போல நிற்கும். அந்தப் பனிமேல் வெயில் நேராகப் பட்டால் தேயிலை தீப்பட்டது மாதிரி கருகிவிடும். அதனால் நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிற பெண்கள் பொழுது சாயும்போதே பெரணித் தழையை வெட்டிவந்து கன்றுகளை மூடிவிட்டுப் போவார்கள், மூடாமல் விட்டுப்போனதற்கு வெயில் வருமுன் எழுந்துபோய்ப் பூவாளியால் பச்சைத் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுவார்கள். பனியில் நிற்கிற எதையும் மூடாமல் விட்டுவிட்டு வீட்டுக்குப் போக அந்தப் பெண்களுக்குத் தெரியாது.

காத்தாயி அந்தப் பெண்களில் ஒருத்தி. அவளைப் பார்த்தால் லயமே சிரிக்கும், ஏனென்றால் அவள் பயப்படாத பொருள் ஒன்று உலகத்தில் இல்லை. குக்கர் விசிலுக்குப் பயப்படுவாள், போன் அடித்தால் பயப்படுவாள், புருஷன் இருமினால் பயப்படுவாள், ராத்திரி அவன் இருமாமல் தூங்கினால் அதற்கும் பயந்து எழுப்பிவிடுவாள். அந்தப் புருஷன் சடையாண்டி வனத்துறையில் வாட்சர். லயத்துக்குப் பின்னால் இறங்குகிற பெரிய புல்வெளிப் பள்ளத்தின் விளிம்பில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, எந்த மான் எந்தப் பக்கம் போனது, காட்டெருமை எங்கே படுத்தது, செந்நாய் எப்போது வந்தது என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ரேஞ்சரிடம் சொல்வதுதான் அவன் வேலை. பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் என்று டீக்கடை வீரபத்திரன் கேலி செய்வான்.

"போகாதீங்க" என்று காத்தாயி தினமும் சொல்லுவாள். "இன்னைக்குக் காத்து சரியில்ல, போகாதீங்க" என்பாள், "இன்னைக்குக் காத்தே இல்ல, போகாதீங்க" என்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அந்தச் சொல் சடையாண்டியின் காதில் மழைச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. அந்தத் தை மாதத்துச் சாயங்காலமும் அவள் சொன்னாள்.

"பள்ளத்துல பெருசு நடமாட்டம் இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க. இருட்டப் போகுது, போகாதீங்க."

"நான் போய் அத மேய்க்கவா போறேன். தூர நின்னு பாத்துட்டு வந்துருவேன், புள்ள."

மப்ளரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்குப் பனி இருட்டும்வரை காத்திருக்கவில்லை. மேற்கே சிவப்பு இருக்கும்போதே பள்ளத்துக்குள்ளிருந்து புதுத் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அடுப்பில் எரிந்த தீ ஒரு தடவை குனிந்து எழுந்தது, பிறகு நாய் குரைப்பது, மாடு அசைபோடுவது, ஓடை ஓடுவது எல்லாமே நின்றுபோய் உலகத்தின் வாயை யாரோ பொத்தியது போல இருந்தது. சடையாண்டி வரவில்லை.

கருக்கலிலேயே டார்ச்சும் தடியும் எடுத்துக்கொண்டு ஆட்கள் பள்ளத்து விளிம்புக்குப் போனார்கள், போனவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். கீழே பள்ளம் முழுவதும் மிருகங்கள் நின்றன. கடமான் கூட்டம் கழுத்தைத் தூக்கியபடி நின்றது, கொம்பின் ஒவ்வொரு கிளையிலும் பனி பூத்திருந்தது. காட்டெருமைகள் சுண்ணாம்பு அடித்த பாறைகளாக நின்றன. ஒரு காட்டுக்கோழி தரைக்கும் காற்றுக்கும் நடுவில் ஒற்றைப் புல்நுனியில் மாட்டிக்கொண்டு இறக்கையை விரித்திருந்தது. ஓடை பாதி வளைவில் நின்றிருந்தது. எதுவும் செத்திருக்கவில்லை, எல்லாக் கண்ணும் திறந்து ஈரமாக இருந்தது, ஆனால் எதுவும் மூச்சு விடவில்லை.

பள்ளத்தின் இந்தப் பக்கச் சரிவில் சடையாண்டி நின்றான். மேட்டைப் பார்த்து, வீட்டைப் பார்த்து ஓடி வந்தவன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான், வாய் திறந்திருந்தது, மப்ளர் பின்னால் பறந்து பலகையாகியிருந்தது. அவனுக்குப் பின்னால், சரிவில் கொஞ்சம் கீழே, பின்னங்கால்களை மடக்கி வயிற்றைத் தரையில் அழுத்தி, இதோ பாயப் போகிறேன் என்கிற நொடியில், காத்தாயி பெருசு என்று சொன்ன புலி நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றரைத் தேயிலைச் செடி தூரம்.

காத்தாயி கத்தவில்லை. கத்தினால் புலிக்குக் கேட்டுவிடும் என்று பயந்தாள்.

ரேஞ்சர் வந்தார். நல்ல மனுஷன், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "தொடாதீங்க, மேல கேட்டுச் சொல்றேன்" என்றார். மேலே கேட்டார், மேலே இருந்தவர்கள் அவர்களுக்கு மேலே கேட்டார்கள். அதற்குள் மலைமுகட்டில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. காத்தாயியின் பக்கத்து வீட்டுக்காரி ஞானப்பூதான் முதலில் கத்தியை எடுத்துக்கொண்டு பெரணிப் புதருக்குள் இறங்கினாள். "பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, கருகிரும்ல" என்றாள். அவ்வளவுதான், நாற்றுப் பண்ணைப் பெண்கள் எல்லோரும் இறங்கி வெட்டினார்கள். மானை மூடினார்கள், காட்டெருமைக்கு ஏணி வைத்து மூடினார்கள், பறக்கிற கோழிக்கு ஒரு கூடையைக் கவிழ்த்தார்கள். காத்தாயி தன் புருஷனை மூடினாள். புலியை யார் மூடுவது என்று பேச்சு வந்தபோது ஞானப்பூ, "அதுவும் பனியிலதான நிக்குது" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு தழையைப் போட்டாள்.

அவர்கள் மூடாமல் இருந்திருந்தால் அன்றைக்கே எல்லாம் ஒரு முடிவுக்கு வந்திருக்கும். மூடியதால் வெயில் படவில்லை, பனியும் இறங்கவில்லை.

என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வீரபத்திரன் டீக்கடையில் காட்சிக்கு வைக்கலாமென்று ஒரு காட்டு முயலைத் தூக்கிக்கொண்டு போனான். பாதி வழியில் அதன் கால் சோடா பாட்டில் மாதிரி உடைந்தது, பதறிக் கீழே வைத்த இடத்தில் வெயில் இருந்தது, கண்ணெதிரே முயல் கருகிச் சுருண்டது. அதற்குப் பிறகு யாரும் எதையும் நகர்த்தவில்லை. ஞானப்பூ ஒரு பெண் கடமான்மேல் இருந்த தழையை விலக்கி, வெயிலுக்கு முன்னால், கன்றுக்குத் தெளிப்பது போலப் பூவாளியால் பச்சைத் தண்ணீர் தெளித்தாள். இடுப்பில் ஆரம்பித்தாள். தண்ணீர் பட்ட இடம் முதலில் விழித்தது. மானின் கண்ணும் மூக்கும் கல்லாக இருக்கும்போதே பின்னங்கால்கள் உதைக்க ஆரம்பித்தன, ஒரு உதையில் பூவாளி ஓடைப் பக்கம் பறந்தது. பிறகு தலை விழித்தது, மான் ஓடியது. ஓடுகிற மானைப் பார்த்து லயத்து ஜனங்கள் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே, சிந்திய தண்ணீர் சரிவில் வழிந்து கீழே நின்ற அதன் குட்டியின் குளம்பைத் தொட்டது. குட்டியும் தழையை உதறிவிட்டு எழுந்து ஓடியது.

கைதட்டல் அப்படியே அடங்கியது. எல்லோரும் சடையாண்டியைப் பார்த்தார்கள், அவனுக்குக் கீழே இருந்த புலியைப் பார்த்தார்கள், நடுவில் இருந்த சரிவைப் பார்த்தார்கள். பிறகு காத்தாயியைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்தார்கள்.

"பனி முடியட்டும்மா" என்றார் ரேஞ்சர். "அதுக்குள்ள ஏதாவது உத்தரவு வரும்."

பனி முடிந்தால் இரண்டும் சேர்ந்து விழிக்கும் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

பயம் எத்தனை நாளைக்குத்தான் பயமாக இருக்கும். லயத்துக்கு அது பழகிவிட்டது. அந்த வருஷத்து மிருகக் கணக்கெடுப்பு சுலபமாக முடிந்தது, ஆட்கள் நிதானமாகத் தழையை விலக்கி விலக்கி எண்ணினார்கள். ஊட்டியிலிருந்து ஜீப்பில் சனம் வந்தது, கயிறு கட்டினார்கள், வீரபத்திரன் வேர்க்கடலையும் கையுறையும் விற்றான். புகைப்படக்காரர்கள் விடியலுக்கு வந்து, பனி மூடிய புல்வெளியும் கருத்த சோலைக்காடும் காட்டுப்பூவரசின் சிவப்புப் பூவும் ஒரே படத்தில் விழுகிற இடம் தேடி மண்டியிட்டார்கள், புலியைக் கொஞ்சம் திறந்துகாட்டச் சொல்லிக் கெஞ்சினார்கள். யாரோ புலியின் நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் போனார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் போகிற போக்கில் சடையாண்டியிடம் பேசிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

"என்னண்ணே, இன்னும் கெளம்பலயா."

"அவரு போற அவசரத்தப் பாத்தா கருவாட்டுக் குழம்பு வாசம் வந்துருச்சு போல."

ஞானப்பூ காத்தாயியைச் சிரிக்கவைக்கப் பார்த்தாள். "ஒன்னு சொல்றேன், கோச்சுக்காத அத்தாச்சி. அண்ணன் இப்பத்தான் வாழ்க்கையிலயே நீ வச்ச எடத்துல நிக்கிறாரு."

காத்தாயி சிரிக்கவில்லை. அவள் வேலை முடிந்ததும் புருஷன் உட்காருகிற பாறைமேல் போய் உட்கார்ந்துகொள்வாள். முந்தானையைத் தலைக்குப் போர்த்தி, கைகளைக் கக்கத்தில் செருகி, பார்த்துக்கொண்டே இருப்பாள். புருஷனைப் பார்த்தால் அழுகை வரும் என்பதால் தழையிடுக்கில் தெரிகிற புலியைப் பார்ப்பாள். பார்த்துப் பார்த்து அதன் ஒவ்வொரு மீசை முடியும் அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. இடது காதில் பழைய கிழிசல் ஒன்று இருந்தது, முன்னங்காலில் ஒரு நகம் பாதி தேய்ந்திருந்தது. இது கிழடு, பசியோடுதான் வந்திருக்கும் என்று நினைப்பாள், நினைத்ததும் எழுந்துபோய்த் தழையைச் சரிசெய்துவிட்டு வருவாள். மற்ற பெண்கள் எல்லோரும் பனி எப்போது தொலையும், கொழுந்து எப்போது விடும் என்று வானத்தைத் திட்டும்போது, அவள் மட்டும் இன்னும் கொஞ்சம் நாள், இன்னும் கொஞ்சம் குளிர் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் அவள் பாறையில் இருக்கும்போது செந்நாய்கள் வந்தன. மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த, உறையாத, பசித்த கூட்டம். காத்தாயிக்குப் பல் கிட்டிப்போனது. நாய்கள் மான்களுக்கு நடுவே புகுந்தன, ஒரு ஆண் கடமானின் அடிவயிற்றுக்குக் கீழேயே நடந்துபோயின, சடையாண்டியின் தூக்கிய காலுக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தன, எதையும் மோந்துகூடப் பார்க்கவில்லை. கல்லையும் கட்டையையும் தாண்டிப் போவது மாதிரி போய், சோலைக்குள் மறைந்தன. பனிக்கு மணம் இல்லை என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. உறைந்து நிற்கிற வரைக்கும் அவள் புருஷன் யாருக்கும் இரை இல்லை. விழித்தால்தான் இரை.

அதைத் தெரிந்துகொண்டதற்காக அவள் பயந்தாள். இனிமேல் என்ன செய்ய வேண்டும் என்பதும் கூடவே தெரிந்துவிட்டது, அது தெரியாமலே இருந்திருக்கலாம்.

மாசி பிறந்ததும் மேகம் வந்தது. பனி ஒவ்வொரு நாளும் ஒரு விரல் மெலிந்தது. ஓடை முனகியது. ஒரு நாள் மத்தியானம் புலியின் தழையைச் சரிசெய்யக் குனிந்த காத்தாயியின் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. வால் நுனியிலிருந்து சொட்டியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வால் நுனி, அது மட்டும், சுண்டுவிரல் அளவுக்கு, இடது பக்கம் அசைந்தது.

அவள் நேராக ஞானப்பூ வீட்டுக்குப் போனாள்.

"நாளைக்கு வெயிலுக்கு முந்தி பெருச எழுப்பப் போறேன்."

ஞானப்பூ சோற்றுக் கையோடு நிமிர்ந்தாள். "யார?"

"அத மொதல்ல எழுப்பிட்டா, அவரு பனியாத்தான நிப்பாரு. அதுக்கு அவரத் தெரியாது. போயிரும். அது கீழ நிக்குது, அதுக்கு ஊத்துன தண்ணி மேல ஏறி அவரத் தொடாது. பொறவு அவர எழுப்பிக்கலாம்."

"அத்தாச்சி, பூன குறுக்க போனாலே ஒனக்குக் காய்ச்சல் வரும்."

"இப்பயும் காய்ச்சல்தான். தொட்டுப் பாரு."

ஞானப்பூ தொட்டுப் பார்த்தாள். கை கொதித்தது. "எழுப்புறது சரி. எழுப்புன ஒன்ன அதுக்குத் தெரியுமே" என்றாள்.

"தழைக்குள்ள இருந்துக்கறேன். அங்க எல்லாமே தழைக் குவியல்தான, அதுல ஒன்னு."

ஞானப்பூ எழுந்து கையைக் கழுவினாள். பிறகு, "பெரிய பூவாளிய எடுத்துக்க, சின்னது ஒழுகுது" என்றாள்.

இருட்டு இன்னும் பிரியாத நேரத்தில் ஞானப்பூவே வந்து காத்தாயியின் கைகால்களில் பச்சைப் பெரணியைக் கசக்கித் தேய்த்தாள், புலியின் முகத்துக்குப் பக்கவாட்டில் அவளை உட்காரவைத்துத் தலைக்கு மேல் தழை குவித்தாள், பூவாளியின் மூக்கு மட்டும் வெளியே தெரியும்படி விட்டாள், புலியின்மேல் இருந்த தழையை எடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மேடேறிப் போனாள். சுற்றிலும் பள்ளம் வெளுத்துக்கொண்டு வந்தது. காத்தாயியின் பற்கள் அடித்துக்கொண்டன, நாக்கை நடுவில் வைத்து அந்தச் சத்தத்தை அடக்கினாள், நாக்கில் ரத்தம் உப்புக் கரித்தது.

இடுப்பில் ஆரம்பித்தால் கால்தான் முதலில் விழிக்கும், விழித்த கால் பாய்ந்துவிடும், பாய்ந்தால் அவர் கண்ணாடி மாதிரி நொறுங்கிவிடுவார். மூக்கில் ஆரம்பிக்க வேண்டும். முதலில் மூக்கு விழித்து, தேடி, இங்கே ஒருத்தரும் இல்லை என்று தெரிந்துகொள்ளட்டும். அவள் பூவாளியைச் சாய்த்தாள். தண்ணீர் கன்றுக்குத் தெளிப்பதைவிடப் பூப்பூவாக விழுந்தது.

மூக்கு கறுத்தது, ஈரமானது, விரிந்தது. கல்லாக இருந்த அந்தப் பெரிய உடம்பின் நுனியில் மூக்கு மட்டும் உயிரோடு அங்கும் இங்கும் தேடியது. சடையாண்டி பக்கம் தேடியது. அங்கே பனி இருந்தது. பிறகு மீசை, பிறகு கண். கண் சிமிட்டியது. எதைத் துரத்தி வந்தோம் என்பதை மறந்துபோன கிழட்டுக் கண்ணாக அது இருந்தது. தண்ணீர் கழுத்துக்கு வந்தது, முதுகுக்கு வந்தது, மடக்கியிருந்த பின்னங்கால்களுக்கு வந்தபோது அவற்றுக்குப் பாய வேண்டிய காரணம் எதுவும் மிச்சமில்லை. புலி சரிந்து பூனையைப் போல உட்கார்ந்தது.

அப்புறம் திரும்பி, தண்ணீர் வந்த குவியலைப் பார்த்தது.

காத்தாயி மூச்சை நிறுத்தினாள். புலி எழுந்து அருகில் வந்தது. அதன் மூச்சு தழையில் பட்டதும் தழைமேல் இருந்த பனி கரைந்து அவள் நெற்றியில், கண்ணில், உதட்டில் சொட்டியது. அந்த மூச்சு வெந்நீர் மாதிரி இருந்தது, அதில் பழைய ரத்தமும் காட்டுப் புல்லும் மணத்தன. தகரத்தில் உப்புத்தாள் தேய்ப்பது போல ஒரு சத்தம் கேட்டது. புலி பூவாளியின் மூக்கை நக்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கை தானாகவே சாய்ந்தது, அது குடிக்கக் குடிக்கச் சாய்த்துக்கொண்டே இருந்தாள், அவருக்கும் கொஞ்சம் மிச்சம் வை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அது குடித்தது. ஒரு தடவை தும்மியது. பிறகு சரிவில் இறங்கி, நிற்கிற மான்களையும் காட்டெருமைகளையும் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவசரமில்லாமல் சோலைக்குள் போய்விட்டது.

முகட்டில் வெயில் விளிம்பு கட்டிவிட்டது. காத்தாயி தழையை உதறிவிட்டு, தவழ்ந்தே மேலே போனாள். பூவாளியில் கொஞ்சம்தான் இருந்தது. புருஷனுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்து, தழையை விலக்கிக் காதில் ஆரம்பித்தாள். முதலில் காது விழித்தால் தான் சொல்வது கேட்குமே என்று நினைத்தாள்.

"போயிருச்சுங்க" என்றாள் விழித்த காதுக்குள். "ஒன்னுமில்ல. ஓடாதீங்க. போயிருச்சு, ஓடாதீங்க."

கண் விழித்தது, வாய் விழித்தது, வாயிலிருந்து தை மாதத்தில் ஆரம்பித்த அலறல் மாசி மாதத்தில் வெளியே வந்தது. தூக்கியிருந்த கால் தரையில் பட்டதும் சடையாண்டி ஓடினான். அவள் குரல் அவனுக்கு என்றைக்கும் போல மழைச் சத்தமாகத்தான் கேட்டிருக்கும். அவளைத் தள்ளிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், மப்ளர் பறக்க மேடேறி, லயத்துக்குள் புகுந்து, வீட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

காத்தாயி பின்னாலேயே மெதுவாகப் போனாள். வழியில் ஞானப்பூ அவளைப் பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டு, மற்ற பெண்களையும் பூவாளிகளையும் கூட்டிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடினாள், வெயில் வருமுன் மிச்சத்தையும் எழுப்ப வேண்டுமே. லயத்தில் கதவுகள் திறந்துகொண்டிருந்தன. அவள் வீட்டுக் கதவு மட்டும் மூடியிருந்தது. தட்டினாள்.

"யாரு?" உள்ளே இருந்து வந்த குரல் நடுங்கியது.

"நாந்தான். காத்தாயி."

உள்ளே தாழை இன்னொரு தடவை அழுத்திப் போடுகிற சத்தம் கேட்டது.

"பொய்" என்றான் சடையாண்டி. "வெளிய புலி நிக்குது. இருட்டுற நேரத்துல எம் பொண்டாட்டி வாசப்படி தாண்ட மாட்டா. எனக்குத் தெரியாதா அவள. நீ யாரு?"

பள்ளத்தில் ஒரு கடமான் குரல் கொடுத்தது, இன்னொன்று பதில் கொடுத்தது. அவள் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். வழக்கமாக இந்நேரம் ஆயிரம் பயம் வந்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பழைய பலகைக் கதவு, நடுவில் நீளமாக ஒரு விரிசல், கிழக்கே பார்த்த வாசல். வெயில் துணிக்கொடியைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

"தெறக்க வேணாம்" என்றாள். "உள்ளயே இருங்க. இப்பத்தான் பனி விட்டிருக்கு, நேரா வெயில் படக் கூடாது."

காலிப் பூவாளியை மடியில் வைத்துக்கொண்டு, முதுகால் அந்த விரிசலை முழுக்க அடைத்துக்கொண்டு, அவள் கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள்.